சுவரில் சிரித்த ஆச்சி

அமராவதிபுதூர் சம்சுதீன் பாயின் மகள் நாதியாவுக்கு ஆறு வயதிலேயே ஊர் முழுக்கக் கேட்கிற குரல் வாய்த்துவிட்டது. தொண்டை பெரியதென்று நினைத்துவிட வேண்டாம். அவள் அத்தா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் திருவிழாவோ தர்கா கந்தூரியோ, கல்யாணமோ காதுகுத்தோ, குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது சம்சுதீன் பாய்தான். அவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது கீழே மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்ப்பது மகளின் வேலை. ஒரு திருவிழாவில் காணாமல் போன பிள்ளையின் பேரையும் சட்டை நிறத்தையும் நாதியா மைக்கில் சொல்ல, கண்ணை மூடித் திறப்பதற்குள் யாரோ அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெற்றவள் நாதியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைக்கில் சொன்னால் ஊர் கேட்கும் என்று அன்றைக்கு அவள் மனத்தில் விழுந்தது, கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த பிறகும் போகவில்லை.

புருஷன் முஜிபுர் ரகுமான் கத்தாரில் இருக்கிறான். நல்ல மனுஷன், வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிற மனுஷன். வீட்டில் நாதியாவுக்குத் துணை அவனுடைய அக்கா பாத்திமுத்து. இளம்வயதில் புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகள் சப்ரினோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். நாத்தனார் என்றால் முள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் பாத்திமுத்துவைப் பார்த்ததில்லை. நாதியா முப்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றபோது, தெருவே வாயில் கை வைத்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜா என்றார்கள். பாத்திமுத்து வாசலுக்கு வந்து நின்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அவ படிக்கட்டும். சோத்தை நான் வடிக்கிறேன். உங்க வீட்டு அரிசியிலயா வடிக்கப் போறேன்?"

தெரு அடங்கிவிட்டது.

நாதியா எடுத்தது மக்கள் தொடர்பியல். அதில் ஒரு பாடம், ஜனங்களின் வழக்கத்தை நல்லதுக்கு மாற்ற எப்படிப் பேசுவது, யாரை வைத்துப் பேசுவது என்பதைப் பற்றியது. பேராசிரியர் கார்த்திகேய சிவம் அதைப் புத்தகத்தோடு நிறுத்தாமல், ஆளுக்கொரு பிரச்சாரத்தை எடுத்து நடத்தி, அது பலித்ததா இல்லையா என்று உண்மையை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஹெல்மெட், பிளாஸ்டிக் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நாதியா ஊருணியைச் சுத்தமாக வைப்பதைப் பற்றிச் செய்வதாகப் பேர் கொடுத்திருந்தாள். ஆனால் ஒரு மத்தியானம் பாத்திமுத்து அவளைக் கூப்பிட்டு உள்ளறைக் கதவைச் சாத்தினாள்.

"இங்குட்டு வா. கையைக் குடு. தொட்டுப் பாரு."

இடது மார்பில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கல் மாதிரி விரலில் தட்டியது. நாதியா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து மதினி?"

"நோன்புக்கு முந்தியே இருந்துச்சு."

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே. வலிக்கவே மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாயை மூடு!" பாத்திமுத்து அவள் வாயைப் பொத்தியே விட்டாள். "சப்ரினுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். தாய்க்கு அந்தச் சீக்குன்னு ஒரு காதுல விழுந்தாப் போதும், மகளைக் கேட்டு எவன் நம்ம வாசப்படியை மிதிப்பான்? யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு அல்லா மேல ஆணையிடு. தம்பிகிட்டகூட மூச்சு விடக்கூடாது."

ஆணையிட்டுக் கொடுத்த பிறகும், மதுரைக்குப் போய்ப் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்று நாதியா கெஞ்சினாள். மதுரை ஆஸ்பத்திரியில் காரைக்குடி ஆள் இல்லாத நாள் உண்டா என்று கேட்டாள் பாத்திமுத்து. அதுவும் நியாயம்தான். மதுரையில் தும்மினால் காரைக்குடியில் சுக்குக் கஷாயம் கொதிக்கும். கடைசியில் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திமுத்து சொன்னாள்:

"ஊர்ப் பொம்பளைக எல்லாம் போனா, நானும் கூட்டத்தோட கூட்டமாப் போவேன். தனியாப் போறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடி."

"சரி மதினி. அப்ப ஊரையே கூட்டிட்டு வாரேன்."

ஏதோ ஆறுதலுக்குச் சொன்னதென்றுதான் பாத்திமுத்து நினைத்தாள். நாதியா மறுநாளே பேராசிரியரிடம் போய் ஊருணியை விட்டுவிட்டேன், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களை வரவைப்பதுதான் என் தலைப்பு என்று மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, முக்கியமான விஷயம் சார் என்று மட்டும் சொன்னாள். ஒருத்தி ஒளிந்துகொள்ள ஒரு கூட்டம் வேண்டும் என்று எந்தப் பேராசிரியரிடம் சொல்ல முடியும்?

சும்மா சொல்லக் கூடாது, நாதியா அந்த வேலையில் விழுந்து புரண்டாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து டாக்டர் மீனலோசனியைப் பிடித்தாள். வருகிற டாக்டரும் நர்சும் எல்லாரும் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசி முடித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபத்தை இலவசமாக வாங்கினாள். நோட்டீஸ் அடித்தாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தாவின் பழைய குழாயை ஆட்டோவில் கட்டி, தானே பேசிப் பதிவுசெய்து தெருத் தெருவாக ஓடவிட்டாள். "தாய்மார்களே, சகோதரிகளே" என்று ஆரம்பித்து, பயப்பட ஒன்றுமில்லை, முன்கூட்டியே பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அத்தனை அழகாகப் பேசியிருந்தாள். காணாமல் போன பிள்ளையே கிடைத்த குரலல்லவா!

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் போட்ட நாற்காலி போட்டபடியே கிடந்தது. வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி மண்டபத்தைப் பெருக்க வந்தவள்.

பத்தரை மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாதியா எட்டிப் பார்த்தாள். உள்ளே புர்காவுக்குள் பாத்திமுத்து. கீழே ஒரு காலை வைத்தவள், வெறும் நாற்காலிகளைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாதியா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வந்தது வந்துட்டீக மதினி. ஒரே ஒரு நிமிசம்."

"ஆளே இல்லையேடி. இந்த வெறும் மண்டபத்துல நான் மட்டும் நுழைஞ்சா நெத்தியில எழுதி ஒட்டுனாப்புல ஆயிராதா? விடு, கையை விடு."

ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. டாக்டர் மீனலோசனி பெட்டியை மூடும்போது, அடுத்த மாதம் ஒரு ஞாயிறு தருகிறேன், அதற்கு மேல் என்னிடம் நாள் இல்லை என்றார். நாதியா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கட்டி ஒரு மாதம் சும்மா இருக்குமா? யாரைக் கேட்பது?

தோற்றதை அப்படியே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆட்டோ போனபோது பெண்கள் என்ன செய்தார்கள், அதைப் பார்த்தாயா என்றார். பார்த்திருந்தாள். "மார்பகம்" என்ற சொல் குழாயில் வந்ததும் வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். ஜன்னலில் நின்றவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். அப்பனும் அண்ணனும் மாமனாரும் நிற்கிற தெருவில் அந்தச் சேதியைக் காது கொடுத்துக் கேட்க எவளுக்கு மனசு வரும்? பிள்ளையைத் தேட மைக் சரி. இதற்கு அது ஆகாது.

"சேதி சரிதாம்மா. சொல்ற ஆள்தான் இல்லை" என்றார் கார்த்திகேய சிவம். "அந்த நோயைப் பார்த்துட்டு, பிழைச்சு வந்து, ஆமாம் எனக்கு வந்துச்சுன்னு சொல்ற ஒரு பொம்பளை இந்த ஊர்ல இருக்காங்களா?"

நாதியாவுக்குச் சட்டென்று கொத்தமங்கலத்துத் தேனம்மை ஆச்சியின் நினைப்பு வந்தது. ஆச்சி வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சம்சுதீன் பாய்தான் குழாய் கட்டுவார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆச்சிக்கு அந்த நோய் வந்து, ஒரு மார்பை எடுத்து, தலைமுடி கொட்டி முளைத்து, இப்போது பெரிய வீட்டின் ஒரு பக்கத்தை வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, அவர்களையே அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். போய்ச் சொன்னதும் ஆச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"என் படத்தைப் போடணும், அம்புட்டுத்தானே? போட்டுக்க ஆத்தா. எனக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கப் போறாக?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் அழகுசுந்தரம், நல்ல படமாப் போடச் சொல்லு என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார். பேச இடம் கிடைத்தால்தானே!

இங்கேதான் பிள்ளையார் பிடிக்கப் போன கதை குரங்கில் முடிந்தது. நாதியா பாடத்தில் படித்தபடி எல்லாம் சரியாகச் செய்தாள். பெரிய முகம், கொஞ்சமான எழுத்து, உறுத்தாத நிறம். ஆச்சி பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருக்கிற படத்தைக் கறுப்பு வெள்ளையில் சுவரொட்டி முழுக்கப் போட்டாள். கீழே "கொத்தமங்கலம் தேனம்மை ஆச்சி" என்று பெரிதாகப் பேர். அதற்குக் கீழே, மார்பகப் புற்றுநோயை வென்றவர், நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வாருங்கள் என்று அடக்கமாக இரண்டு வரி. அடியில் ஞாயிறு காலை பத்து மணி, மண்டபத்தின் பேர். அச்சகத்தில் பார்த்தபோது நாதியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் காரைக்குடியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் ஆச்சி சுவரெல்லாம் சிரித்தார்.

இந்த ஊரில் சுவரில் முகம் வர வேண்டுமென்றால் கட்சியில் இருக்க வேண்டும், சினிமாவில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஆள் சுவருக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான். முகம், பேர், கிழமை, நேரம், இடம். நடுவில் இருக்கிற சின்ன எழுத்தைச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகிற எவன் நின்று படிக்கிறான்? எத்தனை கண்ணீர் அஞ்சலியைப் பார்த்து வளர்ந்தவள் நாதியா! அவளுக்கே அது தோன்றவில்லை என்பதை என்னவென்று சொல்ல. புத்தகம் கண்ணை மறைத்துவிட்டது, போங்கள்.

காலையில் பால் வாங்கப் போன பாத்திமுத்து வெறுங்கையோடு திரும்பிவந்தாள். அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தேனம்மை ஆச்சி தவறிட்டாகளாமே. செவுத்துல எல்லாம் ஒட்டியிருக்கு. பாத்துட்டுத்தான் வாரேன்."

"ஐயோ மதினி, அது நான் ஒட்டுன..."

"ஆபரேசன் பண்ணி, முடியெல்லாம் கொட்டி, ஊசியாக் குத்தி, கடைசியில இதான? அதைப் பண்ணிக்கிட்டாலும் சாவு, பண்ணாட்டியும் சாவு. இனிமே என்னை ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு கூப்பிடாத, சொல்லிப்புட்டேன்."

"ஆச்சி உசுரோட இருக்காக மதினி! நேத்துக்கூடப் போன்ல பேசினேன்."

"நேத்து இருந்தவுக இன்னைக்கு இல்லாமப் போறதுதானே மௌத்து? எனக்கு ஆறுதல் சொல்றதா நினைச்சுப் பொய் சொல்லாத."

எவளைக் காப்பாற்ற நாதியா இத்தனையும் செய்தாளோ, அவளுடைய நம்பிக்கையைத் தன் கையாலேயே வெட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அழகுசுந்தரம். வாழ்க்கையிலேயே அவர் அதிகம் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

"ஆத்தா நாதியா, வாசல்ல வரிசையாக் கார் நிக்கிது. எல்லாரும் மாலையோட வாராக. மகன் அக்ஷய் சிங்கப்பூர்ல இருந்து அழுகுறான், டிக்கெட் போட்டுட்டேங்கிறான். ஆச்சி எண்ணெய் தேச்சுக்கிட்டுப் பின்கட்டுல குளிக்கப் போயிருக்கா. வந்தவுகளுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

வேறொருத்தியாக இருந்தால் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு ஓடியிருப்பாள். நாதியா ஓடவில்லை. சப்ரினின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பாத்திமுத்துவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டீக. ஆச்சி தவறிட்டாகன்னுதானே சொல்றீக? அப்ப துட்டி கேக்க வாங்க. அத்தாவுக்குச் சோறு போட்ட வீடு, போகாம இருக்கக் கூடாது."

துக்கம் கேட்கக் கூப்பிட்டால் மறுக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. பாத்திமுத்து புர்காவை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். வழியெல்லாம் ஆச்சிக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா, தெரியவில்லை. நாதியாவின் முதுகு நனைந்துபோனது.

கொத்தமங்கலத்தில் ஆச்சி வீட்டு முகப்பில் செருப்பு குவிந்து கிடந்தது. ரோஜா மாலை, சம்பங்கி மாலை என்று ஒவ்வொருத்தர் கையிலும் ஒன்று. உள்ளே நடுமுற்றத்து வளவில் பெண்கள் உட்கார்ந்து, பிணம் எந்த அறையில் இருக்கிறதென்று தெரியாமல், பொதுவாக அழுதுகொண்டிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு, "என்னைப் பெத்த ஆத்தா, எங்களை விட்டுப் போனியே" என்று குரலெடுக்க, பின்கட்டிலிருந்து ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி, கையில் காப்பி டம்ளரோடு தேனம்மை ஆச்சி வந்து நின்றார்.

"யாரு செத்தது?"

பெரியம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. "நீங்கதான் ஆச்சி" என்றாள்.

நாதியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மைக் இல்லாமலே வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆச்சி, நான்தான் ஒட்டுனேன். பரிசோதனைக்குப் பொம்பளைக வரணும்னு ஒட்டுனேன். பாக்க அஞ்சலி மாதிரி ஆகிப் போச்சு. இதுல யாருக்கும் பங்கு இல்லை, தப்பு என்னோடது. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"அடிப்பாவி மகளே! என்னை உசுரோட பாடையில ஏத்திப்புட்டியே! எம் மகன் காதுல விழுந்தா அங்க என்ன ஆவான்!" ஆச்சி டம்ளரை நங்கென்று வைத்தார். யாரோ கிழித்துக்கொண்டு வந்திருந்த சுவரொட்டியை வாங்கித் தூரமாக நீட்டிப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். "படம் என்னவோ நல்லாத்தான் இருக்கு" என்றார். அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வளவே சிரித்தது. அழுத முகம் காயாமலே சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஆச்சி ஒரு மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மாலையெல்லாம் பன்னெண்டு வருசம் பிந்தி வந்திருக்கு, தெரியுமா? அன்னைக்கு நான் கூச்சப்பட்டுக்கிட்டு, அவுக என்ன சொல்லுவாக, இவுக என்ன சொல்லுவாகன்னு இருந்திருந்தா, அப்பவே நீங்க வந்து போட்டிருப்பீக. நானும் அன்னைக்கே போய்ச் சேந்திருப்பேன். அப்புறம் பேத்தி தீக்ஷாவை மடியில போட்டிருப்பேனா? இந்தா இந்த மனுசனுக்குக் காப்பி போட்டுக் குடுத்திருப்பேனா?"

அழகுசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொண்ணு. துட்டிக்கு வந்தவ, தலை முழுகாம வீட்டுக்குள்ள போகக் கூடாது. அது முறை. நான்தான் சாகலையே, அதனால முழுக்கு வேணாம். அதுக்குப் பதிலு ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வந்து டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டுப் போகணும். அங்குட்டு வராதவ இங்குட்டு வந்த தீட்டைக் கழிக்காதவ. வாசல்ல நான்தான் உக்காந்திருப்பேன். யாரு வந்தா, யாரு வரலைன்னு எனக்குத் தெரியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் ஒருத்தியும் முறையை மறுத்துப் பேசவில்லை. ஆச்சி எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னார்.

நாதியா திரும்பிப் பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் நின்ற பாத்திமுத்து மெல்ல மெல்ல முன்னால் வந்தாள். ஆச்சிக்கு அவளை அவ்வளவாகப் பழக்கமில்லை. பாத்திமுத்து ஆச்சியின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். காப்பி டம்ளர் பிடித்திருந்த கை அது.

"சூடா இருக்கு நாதியா" என்றாள். "கை சூடா இருக்குடி."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. பக்கத்துக் கடையில் பெஞ்சு வாங்கிப் போட்டார்கள். காரைக்குடிக்காரி, கொத்தமங்கலத்துக்காரி, இளையாத்தங்குடியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், பட்டுச்சேலை, நைலக்ஸ் சேலை, புர்கா எல்லாம் ஒரே வரிசையில் கலந்து நின்றது. ஆச்சி சொன்னபடியே வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் பாத்திமுத்துவைத் தேடி நாதியாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததைப் பார்த்துத்தான் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

சோதனை முடிவு வந்தது; கட்டி நல்ல கட்டி இல்லை. டாக்டர் மீனலோசனி தனியாகக் கூப்பிட்டு, இன்னும் பரவவில்லை, இப்போது வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். மதுரையில் ஆபரேஷன், பிறகு கீமோ. முடி கொட்டியது. விஷயம் வெளியே தெரியத்தான் செய்தது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சப்ரினுக்குப் பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம், பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு நாதியாதான் அழுதாள். பாத்திமுத்து மொட்டைத் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "போனாப் போறான், எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வின்போது, உங்கள் பிரச்சாரம் யாரை இலக்காக வைத்தது என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார். கட்டுரையில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என்று எழுதியிருந்தது.

"ஒருத்தவுகளை வச்சுத்தான் சார்."

"அப்ப மத்தவங்க?"

"அவுக தனியா வரமாட்டேன்னாக. அதனால எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்."

யார் அந்த ஒருத்தர் என்று கேட்டதற்கு, சொல்ல மாட்டேன் என்று ஆணையிட்டிருக்கிறேன் சார் என்றாள். கார்த்திகேய சிவம் எழுந்து நின்று கை தட்டினார். தேர்வு அறையில் யாரும் கை தட்டுகிற வழக்கமில்லை.

அடுத்த வருஷம் மறுபடி முகாம் போடும்போது, யார் படத்தைப் போடுவது என்ற பேச்சு வந்தது. ஆச்சி, ஒருமுறை செத்தது போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாத்திமுத்து தலை நிமிராமல் சொன்னாள்.

"என் படத்தைப் போடு."

"மதினி!"

"ஆணையை எடுத்துட்டேன், போடு. கறுப்பு வெள்ளையில போட்டுறாத தாயே. பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையில நிக்கிறேன்ல, அதைக் கலர்ல போடு."

நாதியா, பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சப்ரினைப் பார்த்தாள். சப்ரின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா மூஞ்சியைப் பாத்து ஓடுறவன் செவுத்தைப் பாத்தே ஓடிறட்டும் மாமி, வீடு வரைக்கும் வந்து டீயைக் குடிச்சுட்டு ஓட வேணாம்" என்றாள்.

இந்தமுறை ஒட்டிய அன்று காலையில் மாலையோடு யாரும் வரவில்லை. ஊர் ஒரு பாடம் படித்திருந்தது. ஆனால் வாசல் கதவு தட்டப்பட்டது. மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கிற சின்னத்தாயி நின்றாள். கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நாதியாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"செவுத்துல பச்சைச் சேலையில இருக்காகளே, அவுக இந்த வீடுதானா?"

பாத்திமுத்து முன்னால் வந்தாள். சின்னத்தாயி தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். குரல் காற்றாய் இறங்கிவிட்டது.

"எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. வீட்டுல யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை வந்தா, கூட்டத்தோட கூட்டமா..."

பாத்திமுத்து அவளை முடிக்க விடவில்லை. இடுப்பிலிருந்த கூடையை வாங்கி உள்ளே வைத்தாள். ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்து மாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குத்தா? நான் கூட வாரேன். வா, இப்பவே போவோம்."